மூடி வைக்காத ஆல்பம்

2008-ஆம் வருடம், ஆடி மாதம். அப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆடி என்றால் மற்ற ஊர்களில் கூழ் ஊற்றுவார்கள், துணிக்கடையில் தள்ளுபடி போடுவார்கள். எங்கள் ஊர் அச்சகங்களுக்கு அதுதான் பிரசவ மாதம். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடக் காலண்டருக்கான ஆல்பத்தை வெளியிட்டாக வேண்டும்.

ஆல்பம் என்றதும் கல்யாண ஆல்பம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருடம் எந்தெந்தப் படத்தில், எந்தெந்த அளவில் காலண்டர் கிடைக்கும் என்று மாதிரிகளைக் கோத்து வைத்த தடித்த புத்தகம் அது. அதைத் தூக்கிக்கொண்டுதான் ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போய் ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று ஆர்டர் பிடிப்பார்கள். ஆல்பம் நன்றாக அமைந்துவிட்டால் மார்கழி வரைக்கும் மிஷின் ஓயாது. சொதப்பினால் அந்த வருடம் போனதுதான்.

அதனால் யார் ஆல்பத்தில் என்ன படம் என்பது அந்த நாள் வரைக்கும் ரகசியம். முந்தின வாரம் எந்த அச்சகத்துக்குள்ளும் வெளியாள் நுழைய முடியாது. அதிலும் போட்டி அச்சகத்து ஆள் வாசல் பக்கம் நின்றாலே, கோழிக்கூண்டுப் பக்கம் வந்த கீரியைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்கள்.

அந்த வாரமாகப் பார்த்துத்தான் எனக்குச் சோதனை வந்தது.

என் மகளுக்கு அந்த வருடம் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருந்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரிப் படி ஏறப்போகிற முதல் பெண் அவள்தான். என் வீட்டுக்காரர் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டினார். காலையில் ஏற்றி, சாயங்காலம் இறக்கி, வாரக் கடைசியில் கையில் வாங்குவார். அவருடைய வருமானத்துக்குக் காகிதம் என்று எதுவும் கிடையாது. எனவே கல்விக் கடனுக்குப் பாங்கில் என் சம்பளத்தைத்தான் காட்ட வேண்டியிருந்தது. மேனேஜர் நல்லவர்தான், ஆனால் கறார். "இந்த வருஷம் வருமான வரி ரிட்டர்ன் போட்ட ரசீதும், முழுசாப் பூர்த்தி பண்ணின ஃபாரம் பதினாறும் கொண்டு வாங்க, அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டார். கல்லூரியில் பணம் கட்ட ஆகஸ்ட் முதல் வாரம் கடைசி. தவறினால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஃபாரம் பதினாறு என்பது, இவருக்கு இவ்வளவு சம்பளம் கொடுத்தோம், அதில் இவ்வளவு வரி பிடித்துக் கட்டினோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கிற தாள். என்னிடம் இரண்டு இருந்தன. ஏனென்றால் நடு வருடத்தில் நான் கம்பெனி மாறியிருந்தேன். இப்போதைய கம்பெனித் தாளில் ஒரு குறையும் இல்லை. பழைய கம்பெனித் தாள் தபாலில் வந்து பீரோவில் கிடந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேனே ஒழிய, என்ன எழுதவில்லை என்று பார்க்கவில்லை. வருடம் பூராவும் காலண்டரில் எந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று தேடித் தேடியே கண் கெட்டவள் நான். சொந்தத் தாளில் கோட்டை விட்டேன்.

ஆடிட்டர் ஆபீஸில் இருந்த பெண்தான் அதைச் சுட்டிக்காட்டினாள். கம்பெனியின் டான் நம்பர் இருக்க வேண்டிய கட்டம் காலி. வரி பிடிக்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் வருமான வரி இலாகா கொடுக்கிற நம்பர் அது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் வேலை பார்த்தேன் என்ற இடமும் காலி. கையெழுத்து இருந்தது, சீல் இல்லை.

"இது இல்லாமப் போட முடியாதாம்மா?" என்றேன்.

"சம்பளச் சீட்டு இருந்தா அதை வச்சு வருமானத்தைக் காட்டிப் போடலாம்க்கா. ஆனா ஒங்ககிட்ட பிடிச்ச வரிய இந்த நம்பர் இல்லாமக் கழிக்க முடியாது. பின்னாடி நோட்டீஸு, அலைச்சல்னு இழுத்துக்கிட்டே போகும். மொதல்ல கம்பெனியில போயிக் கேளுங்க, அதுதான் மொறை" என்றாள்.

சம்பளச் சீட்டுக்கு நான் எங்கே போக? பழைய கம்பெனியில் கவரில் போட்டுக் கொடுப்பார்கள், எண்ணிப் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவோம், அவ்வளவுதான். சீட்டு இருந்தாலும் பாங்கு மேனேஜர் கேட்டது அரைகுறைத் தாள் இல்லையே. ஆக, பழைய கம்பெனிக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. ஜூலை மாதக் கடைசிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். ஆடிப் பதினெட்டு அதற்கடுத்துதான் வருகிறது. எப்படி வந்து மாட்டியிருக்கிறேன் பாருங்கள்!

போய்க் கேட்பதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அங்கிருந்து வந்த விதம் அப்படி.

பெரிய முதலாளி காலத்திலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் நான். அவருக்குப் பிறகு மகன் பொறுப்புக்கு வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். சுறுசுறுப்பான ஆள்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில். எனக்கு மட்டும் என்ன, கோபத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டா வேலைக்குப் போகிறேன்? முந்தின வருட ஆல்பத்தில் நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த படத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, சென்னையிலிருந்து யாரோ அனுப்பிய படத்தை முதல் பக்கத்தில் போட்டார். ஆல்பம் வெளியாகி ஆர்டர் மந்தமாக வந்ததும், "டிசைன் சரியில்ல" என்று எல்லோர் முன்னாலும் என்னைச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மொகத்துல கண்ணு இருந்தாப் போதாது தம்பி, பாக்கத் தெரியணும்" என்றேன். பைண்டிங் பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஒன்று சொல்ல, நான் இரண்டு சொல்ல, "இனி இந்த வாசப்படிய மிதிக்காதீக" என்றார். "மிதிச்சா என் கால வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே எதிர்க் கம்பெனியில் சேர்ந்தேன். சீசன் நேரத்தில் விட்டுவிட்டுப் போட்டியாளரிடம் போவது எங்கள் தொழிலில் சாதாரணக் குற்றம் இல்லை. கல்யாண வீட்டில் சமையல்காரர் பந்தி நேரத்தில் கரண்டியைப் போட்டுவிட்டு எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போன மாதிரி.

இன்னொரு பக்கமும் இடி. ஆல்பம் வாரத்தில் நான் பழைய கம்பெனி வாசலில் நின்றேன் என்று இப்போதைய முதலாளிக்குத் தெரிந்தால், எங்கள் படத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைப்பார். சொல்லிவிட்டே போகலாம் என்றால், அந்தக் கம்பெனிப் பெயரைக் கேட்டாலே அவருக்கு முகம் சுண்டிப்போகும். இரண்டு முதலாளிகளும் ஒரே கல்யாண வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒருவர் இலையை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

முதலில் போன் போட்டேன். பழைய கம்பெனி கிளார்க் எடுத்தார். "அக்கா, இந்த வாரம் எங்கள மூச்சுவிடச் சொல்லாதீக. ஆடிப் பதினெட்டு கழிச்சு வாங்க, போட்டுத் தாரேன்" என்றார். கழித்துப் போனால் ரிட்டர்ன் போடும் தேதியும் போய்விடும், பிள்ளையின் சீட்டும் போய்விடும் என்று சொல்வதற்குள் யாரோ கூப்பிட, வைத்துவிட்டார். அடுத்து என் வீட்டுக்காரரை அனுப்பினேன். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஒன் வாய்க்கு நான் போயி வாங்கிக்கட்டிக்கிறேன்" என்று அலுத்துக்கொண்டார் அவர். மகளோ, கோயம்புத்தூருக்கு என்று வாங்கிய புதுப் பெட்டியில் அடுக்கின துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னடி பண்ணுற என்றேன். "கசங்கிரும்லம்மா" என்றாள். அதைக் கேட்டதும் என் கோபம், ரோஷம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய கம்பெனி கேட்டில் அதே வாட்ச்மேன். எத்தனையோ நாள் என் தூக்குவாளியிலிருந்து குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர்.

"ஏத்தா, நீ வரலாமா? ஒன்ன உள்ள விட்டா எனக்குச் சீட்டுக் கிளிஞ்சிரும்" என்றார். "ஆல்பம் முடியந்தட்டியும் ஈ காக்கா உள்ள போகக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதான?"

உண்மைதான். நான் அங்கே இருந்தபோது போட்ட சட்டம்தான் அது. ஒரு தடவை பசை டின் இறக்க வந்த லோடு ஆளைக்கூட உள்ளே விடாமல், பைண்டிங் பிள்ளைகளையே தெருவுக்கு வந்து தூக்கிப்போக வைத்திருக்கிறேன். இப்போது வெயிலில் நின்றபோதுதான் அந்த ஆள் எப்படித் திட்டியிருப்பான் என்று தோன்றியது. வாட்ச்மேனோடு சண்டை போடவும் வாய் வரவில்லை. "கிளார்க்க மட்டும் கூப்பிட்டு விடுங்கண்ணே, இங்கனயே நின்னு வாங்கிட்டுப் போயிருதேன்" என்று கெஞ்சினேன். அவரும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கிளார்க் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது. ஓடி ஒளியலாமா என்று பார்த்தேன். அங்கே ஒளிவதற்கு ஒரு வேப்பமரம்கூட இல்லை. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கால வெட்டுங்க என்றவள் வந்து நிற்கிறாளே என்று ஒரு வார்த்தை கேட்டாலும் நான் செத்தேன்.

"என்னக்கா, இந்த வெயில்ல நிக்கீக?" என்றார்.

நான் தாளை நீட்டி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் இல்லாதது, பாங்கு, மகளுடைய கல்லூரி சீட் எல்லாம். எந்த வரிசையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் காரில் இருந்தபடியே தாளைப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். "இது யாரு குடுத்தது? நம்ம கம்பெனியா?" என்றார். பிறகு, "உள்ள வாங்கக்கா" என்றார்.

"வேணாம் தம்பி. நான் இங்கனயே இருக்கேன். ஆல்பம் நேரம், எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதா? வாங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் காரை உள்ளே விட்டார். வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எப்போதும் ஆபீஸ் அறையாக இருந்த இடத்தில் அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. இட நெருக்கடியில் கிளார்க்கின் மேசை, கம்ப்யூட்டர், சீல், ஃபைல் அலமாரி எல்லாம் ஆல்பம் கோக்கிற ஹாலுக்கு மாற்றப்பட்டிருந்தன. அதாவது, நான் எந்த இடத்துக்குப் போகவே கூடாதோ அந்த இடத்துக்கு. நீளமான மேசைகளில் அடுத்த வருடப் படங்கள் வரிசையாகப் பரப்பிக் கிடந்தன. சுவரிலும் கிளிப் போட்டுத் தொங்கின. என்னைக் கண்டதும் கிளார்க் பதறிப்போய், பழைய நியூஸ் பேப்பரை எடுத்துப் படங்கள் மேல் விரிக்க ஓடினார். பைண்டிங் பிள்ளைகளும் கையில் கிடைத்த தாள்களை எடுத்துக் கவிழ்த்தார்கள்.

"எதுக்கு மூடுறீக?" என்றார் முதலாளி. "அப்பிடியே கெடக்கட்டும். நம்ம அக்காதான?"

கிளார்க் விரித்த பேப்பரை அவரே எடுத்துச் சுருட்டிக் கீழே போட்டார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அந்த வீம்பு பிடித்த மனிதர் போன வருடம் இதே இடத்தில் என்னை விரட்டினாரே, அவர்தானா இவர் என்று இருந்தது எனக்கு. வார்த்தைக்கு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். இப்போதோ குனிந்து என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நம்பரை எழுதி சீல் குத்தினால் முடிந்தது என்று நினைத்தோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. எங்கள் ஊரில் ஒரு முதலாளிக்கு ஒரு கம்பெனி என்பது அபூர்வம். அப்பா பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று என்று இருக்கும். வெளியே ஒரே போர்டு, உள்ளே மூன்று லெட்டர்பேடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டான் நம்பர். என் சம்பளம் எந்தக் கம்பெனிக் கணக்கில் போனது என்று கிளார்க்குக்கே சந்தேகம் வந்திருக்கிறது. அப்புறம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். அதற்குள் வேலை நெருக்க, மறந்து அப்படியே தபாலில் போட்டுவிட்டார். பாவம், அவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

முதலாளி தன்னுடைய ஆடிட்டருக்குப் போன் போட்டார். அலமாரியைத் திறந்து வரி கட்டின சலான்களை மேசையில் கொட்டி, தானே உட்கார்ந்து பார்த்தார். ஏஜெண்டுகள் போன் போட்டபடி இருந்தார்கள். "அப்பறம் பேசுதேன்" என்று சொல்லிச் சொல்லி வைத்தார். கடைசியில் விஷயம் தெரிந்தது. ஆரம்ப மாதங்களில் என் சம்பளம் அப்பா பெயரில் இருந்த கம்பெனியிலிருந்து வந்திருக்கிறது. கடைசி மாதங்களில் மனைவி பெயர்க் கம்பெனிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆக, ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினதே தப்பு. இரண்டு கம்பெனிக்கும் தனித்தனியாக இரண்டு தாள் வேண்டும். யோசித்துப் பாருங்கள், வேறொரு ஆளாக இருந்தால், ஏதோ ஒரு நம்பரை எழுதி என்னை அனுப்பியிருப்பார். அந்த நம்பர் பொருந்தாமல் நான் பிறகு எத்தனை வருடம் அலைந்திருப்பேனோ!

கிளார்க் முதல் தாளை அடித்து முடித்தார். பிரிண்ட் கொடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் தமிழ்நாடே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்தது, ஞாபகம் இருக்கும். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆனால் அது ஹாலின் அடுத்த பக்கம் ஓடுகிற லேமினேஷன் மிஷினுக்கே சரியாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இழுக்காது. கரண்ட் வர சாயங்காலம் ஆகிவிடும். எனக்கோ வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

"மிஷின நிப்பாட்டு" என்றார் முதலாளி.

மிஷின்காரர் காதில் விழாதவர் மாதிரி நின்றார். ஆல்பம் வாரத்தில் மிஷினை நிறுத்துவதா? நானே எழுந்துவிட்டேன். "தம்பி, வேணாம். நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன். சீசன் வேலை கெட்டுப்போகும்."

"நாளைக்கு இன்னொருக்க நீங்க வந்து நின்னா ஒங்க மொதலாளி சும்மா இருப்பாரா? ஒக்காருங்கக்கா" என்றார். மிஷின் நின்றது. கரண்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் உயிர் வந்து எழுவதற்குள், ஃபைலைத் திறந்து இரண்டாவது தாளையும் அடிப்பதற்குள், பிரிண்டர் முனகி முனகித் தாளைத் துப்புவதற்குள் எனக்கு ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆட்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். தரையைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் படம் பார்ப்பதுதான் என் பிழைப்பே. இடது பக்கம் ஏதோ ஒரு பச்சை நிறம் பளிச்சென்று கண்ணோரம் தெரிந்தது. முருகனா, மீனாட்சியா, வெறும் மரமா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டு தாளையும் அவரே வரிவரியாகப் படித்துப் பார்த்தார். என் பெயர், பான் நம்பர், டான் நம்பர், தேதி. கையெழுத்துப் போட்டு, சீலைத் தானே குத்தி, என்னிடம் கொடுத்து, "நீங்களும் ஒருக்கப் பாத்துருங்கக்கா, எனக்குத்தான் பாக்கத் தெரியாதே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். என் முகம் எங்கே போய் விழுந்ததோ! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, "மன்னிச்சிருங்க தம்பி" என்றேன். "அத விடுங்க, பாப்பாவ நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மிஷினைப் போடச் சொல்லி அந்தப் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே தாளை ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்தேன். அந்தப் பெண் நம்பரை எல்லாம் சரிபார்த்துவிட்டு, "இப்பத்தான்க்கா முழுசா இருக்கு" என்றாள். விருதுநகர் வருமான வரி ஆபீஸுக்குப் போகிற ரிட்டர்ன் கட்டோடு என்னுடையதையும் சேர்த்துக்கொண்டாள். அப்பாடா என்று வீடு வந்து படுத்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் முதலாளி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். உள்ளே போனேன். அவர் நிமிராமலே கேட்டார்.

"நேத்து அங்கன போயிருந்தீகளாமே?"

யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இந்த வேலை போனால் பாங்குக் கடன் எந்தச் சம்பளத்தை நம்பிக் கிடைக்கும்?

"அவரே போன் பண்ணாரு" என்றார் முதலாளி.

நான் நம்பவில்லை. இந்த இரண்டு பேரும் போனில் பேசினார்களா? அவருக்கே இன்னும் ஆச்சரியம் தீரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. போனில் பழைய முதலாளி என்ன சொன்னார் என்பதை அப்படியே என்னிடம் சொன்னார். "தப்பு எங்க கம்பெனியோடது. பேப்பர அரகொறயாக் குடுத்துட்டோம். அதைச் சரிபண்ணத்தான் அக்கா வந்தாக. நான்தான் உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சேன். ஆல்பம் பூராவும் கண்ணு முன்னால கெடந்துச்சு, அக்கா தலைய நிமித்தல. யாரும் ஏதும் சொன்னா நம்பாதீக. அவுகள ஒண்ணும் கேட்டுறாதீக." இவ்வளவையும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாராம்.

எங்கள் தொழிலில் ஒரு முதலாளி, அதுவும் போட்டி முதலாளியிடம், எங்கள் மேல் தப்பு என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஏஜெண்டு காதுக்குப் போனால், அந்தக் கம்பெனியில் கணக்கு வழக்கே சரியில்லையாம் என்று ஊர் முழுக்கப் பரவிவிடும். அது தெரிந்தும், விட்டுப்போன ஒருத்திக்காக, அவள் கேட்காமலேயே, அவள் முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். என் முதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரி சரி, போயி வேலையப் பாருங்க. அடுத்த தடவ எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க, நான் என்ன புலியா?" என்றார்.

ரிட்டர்ன் ரசீது கைக்கு வந்தது. பாங்கு மேனேஜர் சொன்னபடி அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். என் மகள் துணியை எல்லாம் மறுபடி பெட்டியில் அடுக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். படித்து முடித்து, வேலைக்குப் போய், கடனையும் அவளே அடைத்தாள். இப்போது அவளுக்கு வருடா வருடம் கம்பெனி கொடுக்கிற ஃபாரம் பதினாறைக் கட்டம் கட்டமாகப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் போடுகிறாள்.

அந்த முதலாளிக்கு நான் திருப்பிச் செய்தது எதுவும் இல்லை. செய்கிற மாதிரி அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. தீபாவளி முடிந்து ஒரு அல்வாப் பொட்டலத்தோடு போனேன். வாட்ச்மேனுக்குப் பாதி கொடுத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார் முதலாளி. அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர்கள் ஆல்பமும் எங்கள் ஆல்பமும் கடை கடையாக மோதிக்கொண்டுதான் இருந்தன, அதில் எனக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் என் கீழ் வேலை பார்த்த பிள்ளைகளில் யாராவது ஆல்பம் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், வாய் வரைக்கும் வந்த வசவை விழுங்கிவிடுவேன். நாளைக்கு ஒரு காகிதத்துக்காக அந்தப் பிள்ளையும் இந்த வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கும், அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க என்னிடம் முகம் மிச்சம் இருக்க வேண்டும் என்று தோன்றும்.